நூறு வீதம் தெளிவான நாக்கு

மனித நாக்கின் வரலாறு இரண்டு யுகங்களாகப் பிரிகிறது: திருகோணமலை உட்துறைமுக வீதியில் ‘பேச்சுத் தெளிவு மேம்பாட்டுக் குழு’ அலுவலகம் திறப்பதற்கு முன், திறந்ததற்குப் பின். முந்தைய யுகத்தில் மனிதர்கள் ஏதோ வாய்க்கு வந்தபடி பேசிக் காலத்தை ஓட்டினார்கள்.

புதிய யுகத்தின் முதற் ‘பயனாளி’ பஸ்தியாம்பிள்ளை. கரையில் மீன் ஏலம் கூறுபவர். பாரிசவாதம் வந்து போனதில் கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன; நாக்கு மட்டும் திரும்பவில்லை. மனசுக்குள் வசனம் முழுதாக எழும்பும். வாயைத் தாண்டும்போது குழைந்த சோறாகிவிடும். “தெளிவாக் கதைக்கிறார் எண்டு சான்றிதழ் கொண்டு வாங்கோ, ஏலத்தைத் திரும்பத் தாறம்” என்றது மீனவர் சங்கம். அந்தத் தொழிலைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

குழுத் தலைவர் கலாநிதி யதுர்ஷன் அவருடைய நாக்கிலும் உதட்டிலும் தாடையிலும் மெல்லிய வயர்களைப் பசை போட்டு ஒட்டினார். நாக்கு அசைய அசையத் திரையில் கோடு ஓடியது.

“ஐயா, உங்கட நாக்கு நல்லாச் சோம்பல் படுது. வாயைப் பெரிசாத் திறந்து ஆறுதலா, மெதுவாச் சொல்லுங்கோ: அணில் ஆலமரத்தில் ஏறியது.”

பஸ்தியாம்பிள்ளை சொன்னார். அடுத்து, ‘அப்பா வெள்ளைக் குதிரை வாங்கினார்’. கரையில் ஒருநாளும் குதிரை ஏலத்துக்கு வந்ததில்லையே என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் அறிவியலோடு வாதாடக் கூடாது. அடுத்த அறையிலிருந்த ‘கேட்போர் சபை’, அதாவது அலுவலக ஊழியர்கள், காதில் விழுந்ததை எழுதினார்கள். பாதிக்கு மேல் பிழை.

“வடிவாத்தானே சொல்லுறார். எனக்கு எல்லாம் விளங்குது” என்றாள் மனைவி மாகிரட்.

“அம்மா, நீங்கள் வெளியில இருங்கோ. உங்களுக்கு இவரைப் பழக்கம். பழகின காதை நாங்கள் கணக்கில எடுக்க ஏலாது.”

மாதாமாதம் சோதனை நடந்தது. அதே வசனங்கள், அதே ஊழியர்கள். மாற்றினால் ஒப்பிட முடியாதாம். திரையில் கோடு உயர்ந்தது, சபை கொடுத்த தெளிவுப் புள்ளியும் உயர்ந்தது. கேட்போர் சபை இப்போதெல்லாம் அணிலை முதலே எழுதி முடித்துவிட்டு, பஸ்தியாம்பிள்ளை வாய் திறக்கும்வரை மரியாதைக்காகக் காத்திருந்தது.

இறுதிச் சோதனையன்று புதுப் பசை போட்டார்கள். அது நாக்கை எரித்தது. அணிலின் முறை வந்தபோது பஸ்தியாம்பிள்ளை, கலாநிதி பழக்கிய முறைப்படியே வாயைப் பெரிதாகத் திறந்து ஆறுதலாகச் சொன்னார்: “நாக்கு எரியுது, வயரைக் கழட்டுங்கோ.”

‘அணில் ஆலமரத்தில் ஏறியது’ என்று சபை ஏகமனதாக எழுதியது. நூறு வீதம். கலாநிதிக்குக் கண் கலங்கியது. பஸ்தியாம்பிள்ளைக்கும் கலங்கியது, அதைப் படம் பிடித்தார்கள்.

“இது பொய்யெல்லே?” என்று, வெளியில் இருந்தே அவர் சொன்னதைக் கேட்டிருந்த மாகிரட், வழியில் சான்றிதழைப் பார்த்துக் கேட்டாள்.

“ஓம், பொய்தான். ஆனா ஏலம் கிடைக்கும்” என்றார். அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது. ஏன் வாங்கினார் என்பதும் விளங்கியது.

சங்கம் சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஏலக் கொட்டில் தூணில் மாட்டியது. மறுநாள் காலை றிக்சனின் படகு நிறையப் பாரை மீனோடு வந்தது. வியாபாரி தங்கத்துரை அடிமாட்டு விலைக்குக் கேட்டார். “இந்த விலை காணாது. ஆர் கூடக் கேக்கிறியள்?” என்று பஸ்தியாம்பிள்ளை சொன்னது குழைந்துதான் வெளியில் வந்தது. தங்கத்துரை கூடையைத் தூக்கினார்.

“ஐயா இன்னும் முடிக்கேல்லை” என்று மறித்தான் றிக்சன்.

“எனக்குத்தான் எண்டு சொல்லிட்டார், தம்பி.”

பஸ்தியாம்பிள்ளை இரண்டு கையையும் விரித்து ஆட்டி, மறுபடி சொன்னார்.

“பார், திரும்பவும் அதைத்தான் சொல்லுறார். நூறு வீதம் தெளிவு எண்டு தூணில தொங்குது. கலாநிதியை விட உனக்குக் கூடத் தெரியுமோ?”

சங்கச் செயலாளர் தூணைப் பார்த்தார். பஸ்தியாம்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. “தெளிவாத்தான் சொன்னவர், ஏலம் முடிஞ்சுது” என்றார். கூடை போய்விட்டது. றிக்சன் பஸ்தியாம்பிள்ளையை முறைத்துவிட்டு வலையை உதறப் போனான். இனி எந்தப் படகுக்காரன் அவரிடம் மீனைக் கொடுப்பான்?

குழுவின் சாதனையில் குறை சொல்ல இடமே இல்லை. முன்பெல்லாம் அவர் பேச்சு விளங்காவிட்டால், யாராவது கிட்ட வந்து “என்ன சொன்னனீங்கள்?” என்று மறுபடி கேட்பார்கள். அந்த ஒரு கேள்விதான் அவருக்கென்று ஊர் மிச்சம் வைத்திருந்தது. அதையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.