டிஸ்கோனும் நானும் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவும்

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வராது. ஓட்டலில் உட்கார்ந்தால் இட்லியா, தோசையா, பொங்கலா என்று கால் மணி நேரம் யோசித்துவிட்டு மினி டிபன் சொல்கிற கட்சி நான். எல்லாவற்றிலும் ஒரு வாய். எதிலும் வயிறு நிறையாது. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் ஆண்டெனா வாங்கக் கிளம்பினேன்.

வீட்டிலேயே சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொள்ள அரசு நடத்தும் அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வை நானும் அரியலூர் நஸ்ரினும் சேர்ந்தே எழுதித் தேறினோம். கல்லூரியில் ஒரே பெஞ்சு. அவள் நிதானம்; நான் அவசரம். உரிமம் கைக்கு வந்ததும் பெரம்பலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு என்ன ஆண்டெனா வாங்கலாம் என்று மூன்று வாரம் இணையத்தில் படித்தேன். ஒவ்வொரு ஆண்டெனாவும் “நான் இந்த அலைவரிசைக்கு மட்டும்தான்” என்று ஒதுங்கிக்கொண்டது. டிஸ்கோன் ஒன்றுதான் இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரத்து முந்நூறு வரைக்கும் எல்லாம் கேட்கும் என்றது. மினி டிபன்!

நஸ்ரினிடம் சொன்னேன்.

“மொதல்ல ஒனக்கு என்னா கேக்கணும்னு முடிவு பண்ணுடி. அப்பறம் ஆண்டெனா வாங்கு.”

“எல்லாம் கேக்கணும்.”

“எல்லாம்னா?”

“எல்லாம்னா எல்லாம்.” (சட்டம் அனுமதிக்கிற எல்லாம். அம்மா சத்தியமாக.)

அவளே ஓர் ஆண்டெனா செய்து வைத்திருந்தாள். இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி பிளாஸ்டிக் குழாயில் திருகியது. தச்சரும் பிளம்பரும் கட்டிப் புரண்ட இடத்தில் பொறுக்கி வந்தது போல இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னல் வருகிற பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். “காலம் பூரா இதத் தூக்கிக்கிட்டு நிக்கப் போறியா?” என்று சிரித்தேன். அவள் குழாயில் இன்னொரு திருகை இறுக்கினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டிஸ்கோன் பெட்டியில் வந்தது. மேலே எட்டுக் கம்பி தட்டையாக விரிந்திருக்கும். கீழே எட்டுக் கம்பி சரிவாக இறங்கும். பூட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, “கொட சரி, துணி எங்கடி?” என்றார்.

ஆண்டெனா ஒயரை ரிசீவரிலும் ரிசீவரை மடிக்கணினியிலும் செருகியதும் முதலில் வந்தது ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். இன்னோர் அலைவரிசைக்குப் போனேன். அங்கேயும் அதே ஜவுளிக்கடை. பக்கத்து எஃப்.எம். நிலையத்தின் பலத்த சிக்னல் எல்லா இடத்திலும் புகுந்து நின்றது. “பாத்தியா, என்னா சக்தி!” என்று நஸ்ரினுக்கு அனுப்பினேன்.

“அது நோய்டி, தெறம இல்ல” என்று பதில் வந்தது.

என் தற்பெருமையோடு இது முடிந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நான் அக்காவை உள்ளே இழுத்துவிட்டேன்.

அக்கா வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக மாறுதலில் போயிருந்தாள். அங்கே உடைந்த பெஞ்சுகளோடு பூட்டிக் கிடந்த ஓர் அறையை அறிவியல் மன்றத்துக்குத் தரும்படி தலைமையாசிரியையிடம் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரோ, “மொதல்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க டீச்சர். இப்புடித்தான் ஒருத்தரு டெலஸ்கோப் கொண்டாரேன்னுட்டுப் போனாரு. இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு” என்று சொல்லிவிட்டார்.

நான் குதித்தேன். விண்வெளி நிலையத்திலிருந்து சில நாள்களில் அமெச்சூர் அலைவரிசையில் படம் அனுப்புவார்கள். படம் கீச்சு கீச்சென்று ஒலியாக வரும். கணினி அதை மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையில் எழுதும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். அதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பிடித்துக் காட்டிவிட்டால் அறை அக்காவுக்கு.

தலைமையாசிரியை செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளச் சொன்னார். புதன்கிழமை மாதத் தேர்வு. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

“செவ்வாக்கெழம நெலயம் வானத்துல முப்பது டிகிரி ஒசரந்தான்க்கா வரும். மலப்பக்கமா ஒதுங்கிப் போயிடும். புதன்கெழம எம்பத்தேழு! நேரா உச்சந்தலைக்கு மேல. கிட்டக்க வரும், கணீர்னு கேக்கும்.”

“பரிட்சய மாத்துங்கன்னு நான் எப்புடிடி போயி நிப்பேன்?”

“எம்மேல நம்பிக்க இல்லியா?”

இருந்தது. அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. போய்க் கேட்டாள். தேர்வு வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

புதன்கிழமை காலை டிஸ்கோனைப் பிரிக்காமலே பஸ்ஸில் ஏற்றினேன். (பிரித்தால் மறுபடி மூன்று மணி நேரம்.)

“ஏம்மா, யாரு கண்ணையாச்சும் எடுத்துறப் போவுது. எங்க கொண்டு போற?” என்றார் கண்டக்டர்.

“விண்வெளி நிலையத்துக்குங்க.”

“அது நம்ம ரூட்டுல இல்லியே.”

பள்ளி வராந்தாத் தூணில் ஒரு கம்பத்தைக் கட்டி, அதன் உச்சியில் டிஸ்கோனை நிறுத்தினேன். மடிக்கணினியை வகுப்பறையின் பெரிய திரையோடு இணைத்தேன். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் நாற்பது பெண்களும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை முதல் வரிசையில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் மைக் இல்லாத குறையாக உரையாற்றினேன். அலை, அலைவரிசை, அகலப்பட்டை. நடுவில் இரண்டு முறை “எம்பத்தேழு டிகிரி” என்று அழுத்திச் சொன்னேன்.

பத்து ஐம்பத்தொன்றுக்குச் சத்தம் வந்தது. கீச்சு, கிர்ர், கீச்சு. முந்தைய படத்தின் வால். வகுப்பே கை தட்டியது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்தாம் வகுப்பில் நான் மார்க் ஷீட் கொண்டுவந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கொஞ்சம் இடைவெளி. பிறகு புதுப் படம் தொடங்கியது. முதலில் நீலப் பட்டை. அதன் கீழே ஒரு தலைமுடி, மிதந்து விரிந்த தலைமுடி. “பொம்பள டீச்சர், பொம்பள!” என்று பின் பெஞ்சு கத்தியது. இனி நெற்றி வரவேண்டும். நெற்றிக்குப் பதில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தது. ஒலி தேய்ந்துகொண்டே போனது.

“மேல வருது! மேல வருது! இப்ப நல்லாக் கேக்கும் பாருங்க!” என்று நான் கத்தினேன். நிலையம் எவ்வளவு மேலே வந்ததோ அவ்வளவு கேட்காமல் போனது. ஒயரை ஆட்டினேன். ஒலியைக் கூட்டினேன். இரைச்சல்தான் கூடியது.

யாழினி என்றொரு பெண் வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள். “மிஸ், கம்பத்தக் கொஞ்சம் சாச்சுப் புடிச்சுப் பாப்பமா? எங்க வூட்டு டிஷ்ஷுகூட சாஞ்சுதான் மிஸ் இருக்கும்.”

“தொட்றாதம்மா! இது டிவி டிஷ் இல்ல. இது நேராத்தான் நிக்கணும். இது சயின்ஸ்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். படத்தின் கடைசி வரிகள் மட்டும் பளிச்சென்று வந்தன. இரண்டு காலுறைகள். ஆக மொத்தம் தலைமுடி, மூட்டம், காலுறை. முகம் இல்லை. அடுத்த படம் தொடங்கியபோது நான் பதற்றத்தில் மடிக்கணினியை அணைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். அது விழித்தெழுவதற்குள் நிலையம் வங்காள விரிகுடாவைத் தாண்டிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒரு குரல் மட்டும், “டீச்சர், பரிச்ச நாளைக்குத்தானே?” என்றது. தலைமையாசிரியை எழுந்து வெளியே போனார். அக்கா திட்டவில்லை, ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டாமல் சுருட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வராந்தாவில் போய் நஸ்ரினைக் கூப்பிட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன் போல.

“எந்த ஆண்டெனா வச்ச?”

“டிஸ்கோன்.”

“எத்தன டிகிரி?”

“எம்பத்தேழு.”

“யா அல்லா! ஏண்டி, டிஸ்கோனு நாலா பக்கமும் சுத்திக் கேக்கும்டி. தலைக்கு நேர் மேல மட்டும் செவிடு. செவ்வாக்கெழமையே வச்சிருந்தா அழகாக் கேட்டுருக்குமே!”

“யாருமே சொல்லலியேடி.”

“நீ வாங்குன பெட்டியிலேயே படம் போட்டுருப்பான். சரி, செவிடுதான்னு வச்சுக்க. அந்த ரெண்டு நிமிசம் கம்பத்தச் சாச்சுப் புடிச்சிருந்தாலும் போதுமேடி! அது ஒரு சின்னப் புள்ளைக்கிக்கூடத் தோணுமே!”

“தோணுச்சும்மா” என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். தலைமையாசிரியை. அவர் என்னைத் தாண்டி போனைப் பார்த்துத்தான் பேசினார். “எங்க ஸ்கூல் புள்ளைக்குத் தோணுச்சு. ஒங்க சிநேகிதிதான் ஒக்கார வச்சுட்டாங்க.”



யாழினியை வெளியே கூப்பிட்டார். “நீ சொன்னதுதான் சரியாம்டி. அரியலூர்லேருந்து சொல்றாங்க.” அந்தப் பெண் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். தலைமையாசிரியை இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அக்கா கையில் வைத்தார்.

“ரூம எடுத்துக்கங்க டீச்சர். பெஞ்ச நான் அள்ளச் சொல்றேன். ஒங்க தங்கச்சியும் வரட்டும், வேணாங்கல. ஆனா கம்பத்த இவதான் புடிக்கணும்.”

திரும்பும் பஸ்ஸில் அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, “தலமுடி நல்லாத்தான் வந்துச்சு” என்றாள். அதற்குப் பிறகு இருவராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. டிஸ்கோனை வாங்கிப் பிடித்துக்கொண்ட ஆட்டோக்காரர்தான் பயந்துவிட்டார்.

மன்றம் நடக்கிறது. மாதம் ஒரு தடவை போகிறேன். நஸ்ரினும் அளவு டேப்போடு வருகிறாள். பிள்ளைகளுக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது. யாழினி கம்பம் பிடிக்கிறாள். நான் ஒயர் சுருட்டுகிறேன்.

வீட்டில்தான் இன்னும் விமோசனம் இல்லை. அம்மா மாடியிலிருந்து “ஏய், மழ வருது, துணிய எடுக்க வாடி” என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் நான் அசைய மாட்டேன். உடனே அக்கா மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள், படியடியில் நின்று மேலே பார்த்துக் கத்துவாள்: “அம்மாயி, சும்மா கூப்புடாதீங்க! சித்தி டிஸ்கோனு. மேலேருந்து கூப்புட்டா கேக்காது. எறங்கி வந்து பக்கத்துல நின்னு சொல்லுங்க!”

கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அம்மா இறங்கி வரும்போது துணியையும் அவரே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.