காருக்குத் தொப்பி கழற்றியவர்

சேரப்பணஞ்சேரியிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் அந்தக் காலத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஆண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு, தாலி கட்டியதைவிடத் தொப்பிக்காரர் காரில் ஊர்வலம் போனதுதான் நன்றாக ஞாபகம் இருக்கும். சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் போட்டிருப்பார்கள். ஊருக்கு அவர் தொப்பிக்காரர், நேரில் அண்ணா. இத்தனைக்கும் அவர் வழுக்கைத் தலையில் தொப்பி ஏறி ஒருவரும் பார்த்ததில்லை. தொப்பி காருக்கு. வெள்ளைக்காரன் காலத்துத் திறந்த கார் அது. அதன் துணிக்கூரை எப்போதோ மக்கிப்போக, படப்பையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு வேனின் மண்டையை வெட்டி வாங்கி வந்து, தட்டி நிமிர்த்தி, காரின் மேல் நாலு நட்டுப் போட்டு மாட்டிவிட்டார். சாதாரண நாளில் தொப்பியோடு நெல்மூட்டை, வாழைத்தார், பிரசவத்துக்குப் போகிற பெண்கள் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றுவார். கல்யாணம் என்றால் மட்டும் தொப்பி இறங்கும். ஒரு கட்சிக்காரர் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போக அந்தக் காரைக் கேட்டு ஆள் அனுப்பினார். "அவருக்கு இன்னா, ரெண்டாவது கல்யாணமா?" என்று கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் காருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. உள்ளே ஏதோ பல் உடைந்துவிட்டது, மாற்றுப் பல்லுக்குச் சீமைக்குத்தான் போகவேண்டும் என்று மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்கள். மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை. பின்னால் போகவே தேவையில்லாதபடி தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். அவர் ஷெட்டுக்கே முன்னும் பின்னும் திறப்பு; ரோட்டுப் பக்கம் நுழைந்து, களத்துப் பக்கம் வெளியே போய், சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வருவார். ஒருமுறை மறைமலை நகரில் பெண் வீட்டு வாசலைக் கொஞ்சம் தாண்டிவிட்டார். மாப்பிள்ளை இறங்கி நடக்கட்டுமே என்றார்கள். என் காரில் ஏறின மாப்பிள்ளை நடப்பதா என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே தெருவுக்கு வந்தார். மேளக்காரர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். தெருக்காரர்கள் இது வேறு மாப்பிள்ளை என்று நினைத்து மறுபடியும் பூப்போட்டார்கள்.

தொப்பியை இறக்க மூலைக்கு ஒருவராக நாலு பேர் வேண்டும். பின்பக்கத்து இடது மூலை என்னுடையது. மற்ற மூன்று மூலையும் என் கூட்டாளிகள். வேலை வெட்டி இல்லாமல் திரிந்த எங்களுக்கு அது ஒன்றுதான் உத்தியோகம், சம்பளம் கல்யாணச் சாப்பாடு. தொண்ணூற்றொன்றில் எங்கள் நாலு பேருக்கும் மறைமலை நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்கள் வீடுகளில் தேங்காய் உடைத்தார்கள். தொப்பிக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருத்தன் காலை ஷிஃப்ட், ஒருத்தன் நைட் ஷிஃப்ட், மூன்றாமவனுக்கு ஓ.டி. பைத்தியம். நாலு மூலையும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கிற நாளே வரவில்லை. மூன்று பேரை வைத்துத் தூக்கிப் பார்த்ததில் நாலாவது மூலை அவர் காலிலேயே இறங்கியது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நொண்டிக்கொண்டே வந்து, யாருக்கு என்ன ஷிஃப்ட் என்று எங்கள் வீட்டு வாசல்களில் விசாரித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சிங்கப்பெருமாள் கோவில், பெயர் ஜெயந்தி. பெண் பார்க்கப் போன இடத்தில், உனக்கு ஏதாவது கேட்கவேண்டுமா என்று பெரியவர்கள் சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார்கள். அவள் நிஜமாகவே கேட்டாள்.

"தொறந்த கார்ல வருவீங்களா?"

காரணத்தையும் அவளே சொன்னாள். "எங்க அக்கா வூட்டுக்காரரு மூடின டாக்சில வந்தாரு. மூஞ்சில ஏதோ கொறை, அதான் மூடிக் கூட்டிகினு வராங்கன்னு தெருவுல பேசினாங்க. அக்காவுக்கு ரெண்டு கொழந்த ஆயிடுச்சி. இன்னும் பேசினுதான் கீறாங்க."

அப்போதே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் முகத்தில் குறை ஒன்றும் இல்லை என்று தெருவுக்குக் காட்டியே தீரவேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. நேரே தொப்பிக்காரரிடம் போனேன். எனக்கே லீவு கொடுக்க சூப்பர்வைசர் மூக்கால் அழுகிறார், மற்ற மூன்று பேர் வர வழியே இல்லை என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ போய் கோட்டு தைக்கக் குடு. தொப்பிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாளே கிளம்பிப் போய் ஒரு லாரி ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார். அங்கே செயின் பிளாக் என்று ஒன்று உண்டு. மேலே ஒரு உத்தரத்தில் மாட்டித் தொங்கவிட்டு, சங்கிலியைக் கையால் இழுத்தால் லாரி இன்ஜினையே குழந்தை மாதிரி தூக்கிவிடும். எத்தனை டீ குடித்தாரோ தெரியாது, அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். மூடிப்போன ஒரு ரைஸ் மில்லில் பழசாக ஒன்றைப் பிடித்து, தன் ஷெட்டின் மரச்சட்டத்தில் மாட்டி இழுத்தார். தொப்பி அசையவில்லை. ஷெட்டின் கூரைதான் இறங்கிவந்தது. ஓட்டுத் தூளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, செயின் பிளாக்கு நல்லாத்தான் வேலை செய்யுது, கூரைதான் சரியில்லை என்று என்னிடம் சொன்னார். கோபமே இல்லை அவருக்கு. குறை எங்கே என்று தெரிந்துவிட்ட சந்தோஷம்தான்.

அடுத்தது தொப்பியை எதில் கட்டித் தூக்குவது என்ற கேள்வி. கயிறு போட்டால் ஒரு பக்கம் சாய்ந்தது. யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் போனவர், அவர் மனைவி செண்பக அக்கா படுத்திருந்த நாடாக் கட்டிலை உற்றுப் பார்த்தாராம். அக்காவை எழுப்பிவிட்டுக் கட்டிலை எடுத்துப்போய், காலை அறுத்து, சட்டத்தைச் செயின் பிளாக்கோடு களத்து மரக்கிளை ஒன்றில் தொங்கவிட்டுப் பார்த்தார். நாடாக்களை அவிழ்த்துத் தொப்பிக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் சட்டத்தில் கட்டினார். தொட்டிலில் பிள்ளையைப் போட்ட மாதிரி தொப்பி நேராக நின்றது. எந்த இன்ஜினீயருக்குத் தோன்றும் இது? அக்கா மட்டும் அன்றிலிருந்து பாயில் படுத்தார்.

"காருக்கு ஊஞ்சல் கட்டிட்டாரு உங்க அண்ணன். எனக்குக் கட்டினது தாலி ஒண்ணுதான்" என்பார் அக்கா. சொல்லும்போது முகத்தில் பெருமையை மறைக்கத் தெரியாது அவருக்கு.

ஷெட்டில் இந்த முறை மரச்சட்டத்தை நம்பவில்லை, கிளையையும் நம்பவில்லை. கனமான இரும்பு உத்தரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஒரு முனையை ரோட்டுப் பக்கத்து வாசல் தூண்மேல் ஏற்றியாயிற்று. மறு முனையைத் தாங்கக் களத்துப் பக்கம் ஒன்றுமில்லை, வெறும் திறப்பு. அங்கே கருங்கல் வைத்து ஒரு சுவர் எழுப்பினார். கோட்டைச் சுவர் தோற்கும். சுவர் காய்ந்ததும் ரோட்டுப் பக்கமாகக் காரை உள்ளே ஓட்டிவந்து உத்தரத்தின் அடியில் நிறுத்தினார். கொத்தனார் பார்த்தார், அக்கா பார்த்தார், நானும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தேன். எங்களில் ஒருவர் மண்டையிலும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஊர்வல நாள் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கிளம்பினால் விளக்கு வைக்கும்போது பெண் தெருவில் நுழையலாம் என்று கணக்கு. புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேளக்காரர்களைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போவது தொப்பிக்காரர் வழக்கம், அவர்களும் வந்திருந்தார்கள். என் சித்தப்பாவும் கூடவே வந்தார்.

தொப்பிக்காரர் நட்டுகளைக் கழற்றினார். உத்தரத்துக்குச் சூடம் காட்டினார். பிறகு ஒற்றை ஆளாகச் சங்கிலியை இழுத்தார். நாங்கள் நாலு பேர் முக்கி முனகித் தூக்கிய அந்தத் தொப்பி, அலுங்காமல் குலுங்காமல் கட்டில் நாடாவில் உட்கார்ந்துகொண்டு மேலே போயிற்று. சங்கிலி கடகடவென்று ஓடியது. தவில்காரர் தன்னை மறந்து ஒரு தட்டுத் தட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் போனால் போகட்டும் என்று தனியாளாக நின்று சாதித்த மனுஷன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினேன். அவர் வண்டியைக் கிளப்பினார். கியர் போட்டார். நேரே பார்த்தார். எதிரே கருங்கல் சுவர்.

இன்ஜினை அணைத்தார்.

"இன்னாண்ணா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. செவுரு கீது" என்றார்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். இவனை நம்பி வந்தோமே, ஓரகடம் கூட்டுரோட்டில் டாக்சி நிற்கும், ஓடிப்போய் ஒன்றைப் பிடித்துவருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தத் தெரு மொத்தமும் கண்முன்னால் வந்தது. அக்காவுக்கு வந்தவனும் மூடிக்கொண்டு வந்தான், தங்கைக்கு வந்தவனும் மூடிக்கொண்டு வந்தான், அந்த வீட்டு மாப்பிள்ளைகளுக்கே முகம் சரியில்லை என்று காலத்துக்கும் பேசுவார்கள். ஜெயந்தி மாடியில் நின்று பார்ப்பாள். அவள் கேட்டது இது ஒன்றுதான்.

தொப்பிக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, குரலே மாறிவிட்டது.

"எறங்கு மாப்ள. தள்ளிடலாம்."

நாலு பேரே வேண்டாம் என்று கட்டிய ஷெட்டிலிருந்து காரை எடுக்க இப்போது நாலு பேருக்கு மேல் வேண்டியிருந்தது. ஷெட்டின் தரை வேறு சுவர்ப் பக்கம் சரிந்திருந்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். தவில்காரர் விரல்தான் தன் சோறு என்று சொல்லித் தோளைக் கொடுத்தார். டாக்சி பிடிக்கக் கிளம்பிய சித்தப்பாவும் திட்டிக்கொண்டே ஒரு கை போட்டார். கோட்டும் மாலையுமாக நான் பானெட்டில் கைவைத்து நின்றேன். தொப்பிக்காரர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, பின்னால் பார்த்தபடி எங்களோடு சேர்ந்து தள்ளினார். முதல் இரண்டு தடவை ஏறிவந்து திரும்ப உருண்டு எங்கள்மேலேயே வந்தது. மூன்றாம் தடவை அக்கா நாதஸ்வரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து கைகொடுத்தார். கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, வாசலைத் தாண்டி, ரோட்டில் ஏறி நின்றது. கியர்ப் பல் உடைந்த பிறகு அது முதன்முதலாகப் பின்னால் போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு நான் ஏறப் போனபோது, தொப்பிக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"காரத்தான் பின்னாடி தள்ளினோம் மாப்ள. இனிமே உனுக்கு எல்லாம் முன்னாடிதான்" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகச் சிங்கப்பெருமாள் கோவிலில் தெருவுக்குள் நுழைந்தோம். திறந்த காரில் எழுந்து நின்று, நிமிர்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே போனேன். வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொப்பிக்காரரும் மாட்டுவண்டியைவிட மெதுவாக ஓட்டினார். ஜெயந்தி மாடியில் நின்றாள். நான் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள்.

தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்தபோதுதான் ஜெயந்தியின் அக்கா காரணத்தைக் காட்டினார். வெளிர் நிறக் கோட்டின் முதுகில், செயின் பிளாக்கின் கிரீஸ் அப்பிய ஒரு கை, ஐந்து விரலும் ரேகையுமாகப் பதிந்திருந்தது.

தொப்பிக்காரர் சுவரை இடிக்கவில்லை. இடித்தால் உத்தரம் எங்கே நிற்கும்? அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளிடம், மாப்பிள்ளை கையால் தள்ளி எடுத்தால்தான் ராசி என்று சொல்லிவிட்டார். அவர்களும் கோட்டும் மாலையுமாகத் தள்ளினார்கள். போகப்போக, தள்ளாமல் ஏறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்கள் அம்மாக்களே சொல்ல ஆரம்பித்தார்கள். எந்த ஊர் வழக்கம் இது என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் அகலமான ரோடு போகிறது. கண்டெய்னர் லாரிகள் போகின்றன. தொப்பிக்காரரும் போய் வெகுநாளாயிற்று. அவருக்குப் பின்னால் அந்தக் காரை ஓட்ட ஒருவருக்கும் தெரியவில்லை.

கோட்டை வெளுக்கப் போட ஜெயந்தி ஒருநாளும் சம்மதிக்கவில்லை. போன மாதம் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தொப்பை இடிக்கிறது, பொத்தான் போடமுடியவில்லை. ஜெயந்தி பின்னால் வந்து நின்று, முதுகில் அந்தக் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். "எவ்ளோ பெரிய கைங்க அவருக்கு" என்றாள்.