எச்சில் புகை தின்ற வண்டியும் மூக்கு பாயும்

கண்ணைக் கட்டிவிட்டாலும் கார் ரிப்பேர் செய்யக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் காரைக்குடியில்தான் பிறந்தார். மூக்கு பாய் என்றால் அந்தக் காலத்தில் மாட்டுவண்டிக்காரருக்குக்கூடத் தெரியும். காரின் முன்மூடியை அவர் கடைசியாகத்தான் திறப்பார். முதலில் பின்னால் போய், புகைக்குழாய்க்கு எதிரே மண்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. அவ்வளவுதான், வண்டியின் ஜாதகம் மொத்தமும் வந்துவிடும். சளி பிடித்தால் பட்டறைக்கு லீவு. கதவில் சாக்பீஸால் "மூக்கு அடைப்பு" என்று எழுதியிருக்கும்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன். "மூக்குன்னே கூப்பிடுங்க ஆச்சி. எங்க போனாலும் அதுதான் எனக்கு முன்னாடி போகுது" என்றார்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், வண்டி இழுக்கவில்லை என்று அவரிடம் கொண்டுபோனார். பின் சீட்டில் மனைவி. முதல் நாள் பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போனதாக வீட்டில் சொல்லியிருந்தார் அந்த மனிதர். பாய் ஓர் இழுப்பு இழுத்தார். "சாமி கும்பிட மெதுவா உருட்டிக்கிட்டுப் போன வண்டி இல்லையே இது. சினிமாவுக்கு நேரமாச்சுன்னு பறந்த வண்டியாவுல இருக்கு" என்றார். அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி.

இன்னொரு தரம், "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு. கலந்த ஆளு இங்கதான் நிக்கிறாரு. எல்லாரும் கையை நீட்டுங்க, மோந்து பாத்துருவோம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த வண்டியின் டிரைவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதரோடு நான் வாதாடி ஜெயித்தேன். நாலு நாள் ஜெயித்தேன். போனது என் மானம்தான் என்பதால் நானே சொல்வதில் தப்பில்லை.

எழுபதுகளின் நடுவில் என் தம்பி அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கப்பலில் ஒரு காரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். மெட்ராஸில் நிறுத்த இடமில்லை என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டான். பச்சை நிறம். நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன்சக்கரம் தெருமுனையில் திரும்பிவிடும், பின்சக்கரம் இன்னும் எங்கள் வாசலில் இருக்கும். வண்டியோடு தடியாக ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் தமிழில், அதுவும் எழுத்துக் கூட்டி. ஆனால் அந்தப் புத்தகத்தில் படங்கள் இருந்தன. படம் பார்த்ததையே படித்ததாக வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "புஸ்தகத்துல போட்டிருக்கே" என்று ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வருஷந்தான் என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு பள்ளத்தூர். என் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்து இறங்குவார். ஆகவே பேச்சும் நான், பெருமையும் நான். "மாப்பிள்ளை அழைப்புக்கு வேற வண்டியே வேணாம். எங்க அமெரிக்கா கார்லதான் அழைப்போம்" என்று நாலு பேர் நடுவில் சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டேன். பிள்ளையார் கோயிலிலிருந்து எங்கள் வாசல் வரை, நாயனத்துக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில் கார் வர வேண்டும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் காருக்கு நோய் கண்டது. வேகமாகப் போனால் ராஜா மாதிரிப் போகும். மெதுவாக விட்டாலோ நிறுத்தினாலோ இருமி, உடம்பெல்லாம் உதறி, பொசுக்கென்று நின்றுவிடும்.

"ஆச்சி, வண்டி அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்று வந்து நின்றான் டிரைவர் வேலு.

கல்யாண வீட்டில் சொல்லுகிற வார்த்தையா அது! விளக்கு நின்றால்கூட மலையேறிவிட்டது என்றுதானே சொல்வோம்? மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது கார் நின்றுபோனால் ஊர் காரைப் பேசாது. என் பெண்ணின் ராசியைப் பேசும். காலத்துக்கும் பேசும்.

"அந்தச் சொல்லை இனிமே வாயில எடுக்காத. மலையேறிருச்சுன்னு சொல்லு" என்றேன்.

"சரிங்க ஆச்சி. நாயனக்காரவுகளைக் கொஞ்சம் ஓடிக்கிட்டே ஊதச் சொன்னா என்ன? வேகமாப் போனா வண்டி மலையேறாது" என்றான். அவனை அப்போதே மூக்கு பாயிடம் விரட்டினேன்.

சொன்ன சொல் தவறாதவன் வேலு. "பாய், ஆச்சி வீட்டுக் கார் மலையேறிருச்சு" என்றே போய்ச் சொல்லியிருக்கிறான். பாய் வடக்கயிறும் இரண்டு டின் தண்ணீருமாக வந்து இறங்கினார்.

"எந்த மலை ஆச்சி, குன்றக்குடியா? பாதியில நிக்குதா, உச்சிக்கே போயிருச்சா?"

"மலையுமில்ல ஒண்ணுமில்ல பாய். இங்கதான் நிக்குது." அந்தச் சொல்லை நானும் சொல்ல முடியாதே. ஒரு விரலைத் திரி மாதிரி நிமிர்த்திப் பிடித்து, உஃப் என்று ஊதிக் காட்டினேன்.

"விளக்கு எரியலையா? அது எலெக்ட்ரீசியன் வேலையில்ல?"

கடைசியில் அவரே காரைக் கிளப்பினார். அது இருமியது, உதறியது, நின்றது. "அட, அணைஞ்சு போகுது! இதைச் சொல்றதுக்கா ஆச்சி ஊதிக்கிட்டு இருந்தீக?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? பின்கட்டில் கல்யாணப் பலகாரம் வெந்துகொண்டிருந்தது. பாய் குழாயருகே குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். "ஆச்சி, அந்த அடுப்பை எல்லாம் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல எதையும் அணைக்க மாட்டோம்!"

"அப்ப எனக்கு முறுக்கு வாசந்தான் வருது. வண்டி நிறைய முறுக்கு தின்னுருச்சுன்னு சொல்லிட்டுப் போகவா?"

ஆறு அடுப்பிலும் விறகை வெளியே இழுத்துப் போட்டார்கள். சமையல்காரர் கரண்டியை எறிந்துவிட்டு மேலத்தெருப் பக்கம் போய்விட்டார். பாய் மண்டி போட்டார், கண்ணை மூடினார். ஒரு தரமில்லை, மூன்று தரம் இழுத்தார்.

"இந்த மாதிரி வண்டி நான் பாத்ததில்ல ஆச்சி. ஆனா பெட்ரோல்லயும் குத்தமில்ல, பிளக்லயும் குத்தமில்ல. போன புகை மறுபடியும் உள்ள போகுது. பழைய வாடை அடிக்குது."

பிறகுதான் முன்மூடியைத் திறந்தார். ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டே போய், என்ஜின் தோளில் காளான் போல உட்கார்ந்திருந்த ஒரு வால்வில் நின்றார். அதன் தலையிலிருந்த சின்ன ரப்பர் டியூபைப் பிடுங்கிப் பார்த்தார், மாற்றமில்லை. ஸ்பானர் பிடியால் காளானை டக்கென்று தட்டினார். உதறிக்கொண்டிருந்த என்ஜின் ஒரு நிமிஷம் சீராக ஓடியது, மறுபடி உதறியது.

"இதுதான். வண்டி ஓடுறப்போ கொஞ்சம் புகையை இது திரும்ப உள்ள விடும். அப்பத்தான் உள்ள இருக்கிற நெருப்புக்குச் சூடு தணியும். வண்டி நிக்கிறப்போ கதவை மூடிக்கணும். இங்குட்டுக் கரி அடைச்சு மூடமாட்டேங்குது. கழட்டிச் சுரண்டிட்டாச் சரியாப் போகும்."

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பிரித்தேன். ஆமாம், படத்தில் ஒரு சிவப்பு அம்பு என்ஜினை விட்டு வெளியே போய், வளைந்து, மறுபடி உள்ளே வந்தது. "புஸ்தகத்துலயும் போட்டிருக்கே!" என்று பெருமையாகச் சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது.

"பாய்! அப்படின்னா துப்பின புகையைத் திரும்பத் திங்குதா இந்த வண்டி?"

"தின்னாத்தான் நல்லது ஆச்சி."

"எச்சில்! எங்க வீட்டு மாப்பிள்ளை எச்சில் திங்கிற கார்லயா வரணும்? அந்த ஓட்டையை அடைங்க மொதல்ல."

"செஞ்சவுக மடையங்களா ஆச்சி? அடைச்சா நிக்கிறப்போ நல்லாத்தான் நிக்கும். பாரம் ஏத்தி மிதிச்சீகன்னா சூடாகி, என்ஜினுக்குள்ள கடகடன்னு கட்டை தட்டும்."

"அடைங்க" என்றேன். அந்தக் காலத்தில் நான் ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான். பாய் பிஸ்கட் டின் தகரத்தை வட்டமாக வெட்டி, வால்வுக்கு அடியில் வைத்து இறுக்கினார். கார் பூனை மாதிரி முனகிக்கொண்டு நின்றது. நான் பாயைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

நாலாம் நாள் சம்பந்தி வீட்டுக்குத் தாம்பூலம் வைக்கக் கிளம்பினோம். ஐந்து பெண்கள், பலகாரத் தூக்குகள், பித்தளைப் பாத்திரங்கள், மேலே சித்திரை வெயில். வேலு ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளே கடகடவென்று கேட்டது. பள்ளத்தூர் வரைக்கும் கேட்டது. சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன ஆச்சி, காருக்குள்ள நெல்லுக் குத்திக்கிட்டே வாரீகளா?"

"அமெரிக்காக் கார் அப்படித்தான் சத்தம் போடும். புஸ்தகத்துல போட்டிருக்கே."

அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பையன் அதுல வேணாம் ஆச்சி. காரைக்குடியில நல்ல வாடகைக் கார் கிடைக்கும், நாங்களே பாத்துக்கிறோம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பின்னால் நின்ற என் நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு சத்தம் வராது. நான் பொறுப்பு" என்றேன்.

"வந்தா?"

"வந்தா, அந்த இடத்துலயே இறக்கிக் கூட்டிட்டுப் போங்க."

திரும்பும்போது பெண்களை வீட்டில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். பாய் ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். "வாங்க ஆச்சி. நெல்லுக் குத்துது போல?"

"யாரு சொன்னா?"

"தெருமுனையிலேயே கேட்டுச்சு."

"கட்டையும் தட்டக்கூடாது, எச்சிலும் திங்கக்கூடாது. வேற வழி சொல்லுங்க பாய்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க மக சின்னப்பிள்ளையில மிச்சம் வச்ச சோத்தை என்ன செஞ்சீக?"

"நாந்தான் தின்னேன். வேற என்ன செய்ய?"

"எச்சில் இல்லையா?"

"பெத்த பிள்ளை மிச்சம் வச்சது எச்சிலா?"

"அது தான் விட்ட புகையைத் தானே திங்குது ஆச்சி. ஊரான் வீட்டுப் புகையையா திங்குது?"

என் வாழ்க்கையில் நான் தோற்ற வாதம் அது ஒன்றுதான். "கழட்டுங்க" என்றேன்.

தகரத்தை எடுத்தார். வால்வைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உடைந்த ரம்பத் துண்டால் கரியைச் சுரண்டச் சுரண்ட, உளுந்து உளுந்தாக உதிர்ந்தது. புகை வருகிற வழியையும் கம்பிவிட்டுக் குடைந்தார். கடைசியில் வால்வின் தலையில் அந்த ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையை நீட்டினார்.

"இதை வாய் வச்சு உறிஞ்சினாக் கதவு தொறக்கணும், விட்டா மூடணும். நான் பாக்கணும், அதனால வேற ஆளு உறிஞ்சணும். வேலு வாயில புகையிலை இருக்கு. புகையிலை வாய் என் டியூபுல படக்கூடாது."

சுற்றிலும் பார்த்தேன். வேறு ஆள் இல்லை. எச்சில் எச்சில் என்று குதித்த நான், முந்தானையால் டியூபைத் துடைத்து வாயில் வைத்தேன். உறிஞ்சினேன். உள்ளே டப்பென்று ஏதோ எழுந்தது.

"தொறந்துருச்சு! விட்டுறாதீக ஆச்சி, அப்படியே பிடிங்க, பிடிங்க!"

நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத் திருப்பத்தூர் பஸ் பட்டறை வாசலில் வந்து நின்றது. முன்னால் ஒரு மாட்டுவண்டி. பஸ் போக வழியில்லை. ஜன்னலுக்கு இரண்டு தலை. வைரத்தோடும் பட்டுச்சேலையுமாக ஓர் ஆச்சி கார் டியூபைச் சப்பிக்கொண்டு நிற்பதை அத்தனை பேரும் ஆசைதீரப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் மூக்குக்குக் கீழே எனக்கு ஒரு கரிமீசை இருப்பது தெரிந்தது.

கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசலில் மாப்பிள்ளை காரில் ஏறினார். நாயனம் புறப்பட்டது. பின்னாலேயே கார் ஊர்ந்தது. நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை. காதை என்ஜினில் வைத்துக்கொண்டு நடந்தேன். முச்சந்தியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நாயனக்காரருக்கு ஒரு மாலையைப் போட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவர் அங்கேயே நின்று ஒரு ராகத்தைப் பிடித்தார், விடவேயில்லை. காரும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு தரம் லேசாக உதறியது. நான் ஓடிப்போய் அதன் முன்மூடியைத் தட்டிக்கொடுத்தேன். அடுத்த நொடி பழையபடி முனக ஆரம்பித்தது. ராகம் முடிந்தது. கார் நகர்ந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மாள் என் தோளைத் தொட்டார். "ஆச்சி, வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டே வாரது யாரு?"

திரும்பிப் பார்த்தேன். மூக்கு பாய். வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு, குழாய்க்கு நேரே மூக்கை வைத்தபடி கோயிலிலிருந்தே நடந்து வந்திருக்கிறார். அவரை வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

"எங்க வீட்டு ஆளு" என்றேன்.

"அப்ப முன்னாடி வரச் சொல்லுங்க. பின்னாடி எதுக்குப் புகைக்குள்ள?"

போய்க் கூப்பிட்டேன். அவர் நிமிரவே இல்லை. "நீங்க முன்னாடி போங்க ஆச்சி. பிள்ளை வீடு போய்ச் சேரட்டும்" என்றார்.

அந்தக் கல்யாணப் படம் என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளை கழுத்து நிறைய மாலையோடு சிரிப்பார். காருக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், வளைந்த ஒரு வெள்ளை முதுகு மட்டும் தெரியும். படத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் அந்த முதுகைத்தான் காட்டுவேன், மாப்பிள்ளையை அப்புறம்தான்.