இடது காலும் எண்ணாத நண்டும்

சென்ற ஆண்டு பெப்ரவரி பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானத்தில் முகில் இல்லை. வாடைக்காற்று அடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தது. கலியாண மண்டபத்து யன்னல் வழியே பார்த்தால் உட்துறைமுகத்துத் தண்ணீர் மடிப்பில்லாத விரிப்புப் போலக் கிடந்தது. மழை பெய்திருந்தால் பழியை மழையின் மேல் போட்டிருப்பேன். அந்த வசதியும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுத்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு மூட்டைகள் நின்றன, எண்ணுவது நிற்கவில்லை. விருந்துக்குப் போனால் மின்விசிறிகளை எண்ணுவேன் (அதில் சுழலாதவை எத்தனை என்பதையும்). மனைவி பரமேஸ் தும்மினால் அதையும் எண்ணுவேன். இந்த வியாதிக்கு ஊரில் ஒரேயொரு இடத்தில்தான் மரியாதை கிடைத்தது. அது ரொனியின் ஜாஸ் கோஷ்டி.

ரொனி பாலையூற்றில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். கடற்படைத் தளத்தில் வெள்ளைக்கார மாலுமிகள் இருந்த காலத்தில், அவர்களிடம் பழைய பாணி ஜாஸ் பழகி அவருடைய தகப்பனார் தொடங்கிய கோஷ்டி அது. எங்களில் ஒருவருக்கும் அதனால் சாப்பாடு கிடைத்ததில்லை. சண்டை வந்தது, சுனாமி வந்தது, கொரோனா வந்தது. ஒவ்வொன்றும் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை பட்டறையில் மரத்தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினோம். ரொனி கோர்னெட் ஊதுவார். கிண்ணியாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நவ்ஃபர் கிளாரினெட். சவிரி ட்ரொம்போன். சந்திரன் டிரம். இன்னும் இருவர். நான் பான்ஜோ. இருபத்தாறு வருடமாக, கதிரையில் இருந்தபடி.

பழைய ஜாஸில் தாள் பார்த்து வாசிக்கிற வழக்கம் கிடையாது. மெட்டு ஒன்று, அதை ஒருமுறை வாசித்தால் ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு முப்பத்திரண்டு பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு). ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் தன் விருப்பப்படி மெட்டை வளைத்து வாசிப்பார், மற்றவர்கள் தாங்குவார்கள். எத்தனை சுற்று என்று முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. அப்படியானால் எப்போது முடிப்பது? தலைவர் முடித்துவைப்பார். ரொனியின் தகப்பனாருக்கு இரண்டு கையிலும் கோர்னெட், வாயிலும் கோர்னெட். மிச்சம் இருந்தது கால். வலது கால் எப்போதும் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இடது காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு முடிவு. தூக்கிய காலை நிலத்தில் அடித்தால் அந்த இடத்திலேயே வெட்டு. இடது கால் எழும்பாமல் ஒருவரும் நிற்கக்கூடாது. கோஷ்டியின் சட்டம் இது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்துக்கு அபராதம் சேர்த்தவன் நான். ஒரு கோயில் பெருநாளில் சவிரி காலைப் பார்க்காமல் பாதியில் நின்றுவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமையே தீர்மானம் கொண்டுவந்தேன். கால் எழும்பமுன் நின்றாலும் நூறு ரூபாய், கால் அடித்தபின் வாசித்தாலும் நூறு ரூபாய். சவிரி இதுவரை நாலு தடவை கட்டியிருக்கிறான். நாலு தடவையும் கை நீட்டி வாங்கியவன் நான்தான்.

ரொனிக்கு இழுப்பு. இரண்டு வருடமாக ஒரு பாட்டு ஊதினால் ஒரு பாட்டுக்கு மூச்சு வாங்குவார். முன்னால் நிற்க வேறு ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்படியிருக்கும்போது அவருடைய ஒரே மகள் ஷெரினுக்குக் கலியாணம் வந்தது. தேவாலயத்தில் சடங்கு முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் தகப்பன் மகளோடு ஒரு பாட்டுக்கு ஆடுவார். பாட்டு முடியும்வரை மகளின் கையை விடக்கூடாது. முடிந்ததும் அந்தக் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். ரொனி வீட்டு வழக்கம் அது. ஆடுகிறவர் கோஷ்டியை நடத்த முடியாதல்லவா?

"மச்சான் ஞானம், அந்த ஒரு பாட்டை நீ முன்னுக்கு நிண்டு நடத்து. மூண்டு சுற்றுப் போதும். அதுக்கு மேலை எனக்கு மூச்சுக் காணாது," என்றார் ரொனி.

"மூண்டு சுற்றெண்டால் ரெண்டு நிமிசம் இருவத்துநாலு செக்கன். கவலைப்படாதை."

"சரியா முடிச்சுத் தந்தியெண்டால் சித்திரையிலையிருந்து நீதான் முன்னுக்கு."

நான் அடுத்த நாளே நகரத்துக்குப் போய்க் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். கதிரையில் இருக்கிறவனின் சப்பாத்தை யார் பார்க்கிறார்கள்? தலைவனுடைய இடது கால் எல்லோரும் பார்க்க வேண்டிய கால். வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று தூக்கிப் பழகினேன். இரண்டு கையாலும் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு பழகினேன் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி. நவ்ஃபர் கிண்ணியாவிலிருந்து ஒரு பெரிய சட்டி நண்டுக்கறி கொண்டுவந்திருந்தார். எனக்கு இரத்தத்தில் யூரிக் அமிலம் கூட, ஏறினால் கால் விரல் வீங்கிவிடும். நண்டு, இறால், கணவாய் எதையும் தொடக்கூடாது என்பது டாக்குத்தரின் கட்டளை. பரமேஸ் இரக்கப்பட்டு அதை இரண்டு துண்டாகத் தளர்த்தியிருந்தாள்.

"எனக்கு ரெண்டு துண்டுதான், நவ்ஃபர்."

"ஞானம் அண்ணன், நண்டக் கணக்குப் பாத்துத் திண்டா ருசிக்காது. இண்டைக்கு மட்டும் எண்ணாம சாப்பிடுங்க."

எண்ணாமல் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் எண்ணாத ஒரே பொருள் அது.

சனிக்கிழமை விடிய என் வலது கால் பெருவிரல் கொச்சிக்காய்ப்பழம் போலச் சிவந்து கிடந்தது. விசிறிக் காற்றுப் பட்டாலே உயிர் போனது.

"ரொனி அண்ணைக்குச் சொல்லுங்கோ, ஏலாதெண்டு," என்றாள் பரமேஸ்.

"ஏன் ஏலாது? பான்ஜோவைக் கையாலைதானே அடிக்கிறது."

"நிக்கிறது கையாலையோ?"

"தூக்க வேண்டியது இடது கால். வருத்தம் வலது காலிலை. ரெண்டுக்கும் என்ன தொடர்பு?"

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். (மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், நான் அல்ல.)

புதுச் சப்பாத்துக்குள் அந்தக் காலை நுழைக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. மண்டபத்தில் எனக்காக மேடையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். தலைவனுக்குக் கதிரை எதற்கு என்று நானே அதைத் தூக்கி மேடைக்குக் கீழே, யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்தேன்.

ரொனி வெள்ளைக் கோட்டோடு வந்து மகளின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை ஒரு கரையில் கையை நீட்டத் தயாராக நின்றான். நான் "வண், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணிக்கொடுத்தேன். கோஷ்டி எழும்பியது. முதலாம் சுற்று நவ்ஃபர். அருமை. இரண்டாம் சுற்று சவிரி. பரவாயில்லை. ரொனி நடுமண்டபத்தில் மகளைச் சுழற்றினார். சனம் கை தட்டியது. மூன்றாம் சுற்றின் இருபத்தைந்தாம் பாரில் தலைவனுக்குரிய நிமிர்வோடு இடது காலைத் தூக்கத் தொடங்கினேன்.

இடது காலைத் தூக்க வேண்டுமானால் உடம்பு முழுவதும் வலது காலில் நிற்க வேண்டும். அறுபத்தேழு வயதில் இதை முதன்முதலாக அறிந்துகொண்டேன். குதிக்கால் அரை அங்குலம் எழும்பியதும், பெருவிரலிலிருந்து ஒரு மின்னல் புறப்பட்டு மண்டைவரை போனது. கால் தானாகவே கீழே இறங்கிவிட்டது. நாலாம் சுற்று தொடங்கியது.

மறுபடி தூக்கிப் பார்த்தேன். ஐந்தாம் சுற்று தொடங்கியது.

சரி, வலது காலையாவது தூக்குவோம் என்று தூக்கினேன். சுகமாக எழும்பியது. ஆனால் வலது கால் தாளக் கால் அல்லவா? நான் உற்சாகத்தில் ஆடுகிறேன் என்று சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது. கூட்டத்தில் பரமேஸ் மட்டும் கை தட்டாமல் நின்றாள்.

"நவ்ஃபர்!" என்று கத்தினேன். நிறுத்தச் சொல்வதுதான் நோக்கம். ஆனால் ஜாஸில் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அடுத்த சுற்று உன்னுடையது, வெளுத்து வாங்கு என்று அர்த்தம். நவ்ஃபர் நெகிழ்ந்துபோய் எனக்குத் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று வாசித்தார். அவ்வளவு அழகாக அவர் அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பின்பும் வாசித்ததில்லை.

ரொனியின் முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். "டடா, காணும், இருங்கோ," என்று ஷெரின் சொன்னது மேடைவரை கேட்டது. "பாட்டு முடியேல்லை மகள்," என்றார் அவர். கையை விடவில்லை. மாப்பிள்ளை நீட்டிய கையை மடக்கினான், பிறகு நீட்டினான், பிறகு அதால் தலையைச் சொறிந்தான்.

நான் பான்ஜோவை நிறுத்திப் பார்த்தேன். பான்ஜோ நின்றால் பாட்டு விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. திடீரென்று தாளம் நின்றால் ஜாஸ்காரர்கள் அதை இடைவெளி என்பார்கள். அந்த இடைவெளியில் ஒருவர் தனியாகப் பாய்ந்து வித்தை காட்டுவது வழக்கம். சவிரி பாய்ந்தான். அவன் பாய்ந்து இறங்கியதும் எல்லோரும் இரட்டிப்பு உற்சாகத்தோடு சேர்ந்துகொண்டார்கள்.

"சவிரி, நிப்பாட்டடா," என்று அவனுடைய காதுக்குள் சொன்னேன்.

அவன் ட்ரொம்போனை வாயிலிருந்து ஒரு நொடி எடுத்தான். "காலைத் தூக்குங்கோ, நிப்பாட்டுறன். நாநூறு ரூவா கட்டினவன் நான்."

ஆத்திரத்தில் உள்ளங்கையால் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தலையைத் தொட்டால் மெட்டைத் திரும்ப முதலிலிருந்து எடுங்கள் என்று எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. டிரம் அடித்த சந்திரன் சந்தோஷமாகத் தலையாட்டினான். கலியாணப் பாட்டு முதலிலிருந்து புறப்பட்டது.

பதின்மூன்றாம் சுற்று முடிந்தபோது சனம் கை தட்டுவதை விட்டுவிட்டது. எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு போல மான் திரியும்; வாசலில் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மான்கூடச் சலித்துப்போய்க் கோட்டைப் பக்கம் நடந்தது. ரொனியின் மனைவி மருந்துக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் கரையோரமாக அவருக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். ரொனி இப்போது ஆடவில்லை, மகளில் சாய்ந்துகொண்டு நகர்ந்தார். அவர் விழுந்தால் அது என்னால்தான். தலைவர் பதவி அந்த நிமிடத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது. கையிலிருந்த பான்ஜோவை எறிந்துவிட்டு மேடையில் குந்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். குந்துவதற்கும் அந்தப் பெருவிரல் வேண்டும்.

அப்போது ரொனி என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், வேர்வையைப் பார்த்தார், பிறகு கீழே என் சப்பாத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நண்டுச் சட்டிக்கு மறுபக்கத்தில் இருந்தவரும் அவர்தானே. மகளின் கையை விடாமலே மேடையடிக்கு நகர்ந்து வந்தார். பதினாலாம் சுற்றின் கடைசிப் பாரில் தன் இடது காலைத் தூக்கி நிலத்தில் ஓங்கி அடித்தார்.

கோஷ்டி ஒரே வெட்டாக நின்றது. மண்டபத்தில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். ஆனால் விழுந்தது ஊசி அல்ல. தாங்கமுடியாத நிம்மதியில் என் கை பான்ஜோவில் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டது.

டங்.

சவிரி திரும்பி என்னைப் பார்த்தான். உள்ளங்கையை மட்டும் நீட்டினான்.

ரொனி மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மருந்துக் குழாயை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தார். பிறகு மேடைக்குக் கீழே குனிந்து, நான் ஒளித்துவைத்த கதிரையைத் தேடி எடுத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"இரு மச்சான்," என்றார். "இனி எழும்பாதை."

நான் இருந்தேன். இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறேன். சித்திரையிலிருந்து முன்னால் நிற்பவர் நவ்ஃபர். நன்றாகத்தான் நடத்துகிறார். (மூன்று சுற்று என்றால் சில நாள் நாலாகிவிடுகிறது. நான் சொல்வதில்லை, எண்ணிவைத்திருக்கிறேன்.) ஷெரின் தன் கலியாண வீடியோவில் அந்தப் பதினொரு நிமிடம் பன்னிரண்டு செக்கனையும் வெட்டாமல் வைத்திருக்கிறாள். பாலையூற்றில் அதைப் பார்க்காத வீடு இல்லை.

என் வீட்டில்தான் நிலைமை மோசம். மின்சாரக் கட்டணத்தைப் பற்றியோ மூடாத தண்ணீர்க் குழாயைப் பற்றியோ நான் கதைக்கத் தொடங்கினால், பரமேஸ் கறியைத் துழாவிக்கொண்டே இடது காலை அரை அங்குலம் தூக்குகிறாள். கனடாவிலிருக்கும் மகள் தொலைபேசிக் கமராவைக் கீழே பிடித்துத் தன் காலைக் காட்டுகிறாள். இரண்டு வயதுப் பேரனும் பக்கத்தில் நின்று தூக்குகிறான். அவனுக்கு இன்னும் ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாது. விழுந்து சிரிக்கிறான். நான் நிறுத்திவிடுகிறேன். சட்டம் சட்டம்தானே.

ஒரேயொரு நாள் போட்ட சப்பாத்து எண்ணாயிரத்து எழுநூற்றைம்பது. டாக்குத்தர் இரண்டாயிரம். குளிசை ஆயிரத்து முந்நூற்று நாற்பது. மண்டபத்திலிருந்து நடக்க ஏலாமல் வந்த முச்சக்கர வண்டி அறுநூறு. சவிரியின் கையில் வைத்த அபராதம் நூறு. மொத்தம் பன்னிரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய். நண்டுக்கு நவ்ஃபர் காசு வாங்கவில்லை.