மருமகளின் மென்பொருளுக்குக் கூடிய கூட்டம்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் வயிற்றிலிருக்கும் குட்டியும் அம்மா வீட்டில் ஒழுங்காகப் படுத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பிரசவம்வரை கணினியையும் போனையும் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால்தான் இந்தக் காகிதக் கடிதம்.

மருந்துச் சீட்டைப் படம்பிடித்தால் பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் உன் மென்பொருளை, யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்துவிட்டு, "கூட்டம் சேருதான்னு தினமும் பாருங்க மாமா, குழந்தை பொறக்கறதுக்குள்ள யாரும் வரலன்னா மூடிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து பல் துலக்குவதற்கு முன்பே திரையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன். முதலில் அதுவும் உன்னைப்போலப் படுத்தே கிடந்தது. பிறகு ஒருநாள் எழுந்தது பார், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவன் நான், அப்படியொரு ஏற்றத்தைக் கண்டதில்லை! ஆயிரக்கணக்கில் வருகை! உன் அத்தையிடம் சொன்னால், "இத்தனை பேருமா நம்ம வீட்டுக்கு வராங்க?" என்று நாற்காலிகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

இதற்கிடையில் ஒருவர், "சீட்டுல 'அரை மாத்திரை'ன்னு இருக்கு, உங்க மென்பொருள் 'ஆறு மாத்திரை'ன்னு படிக்குது" என்று எழுதினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓசியில வாங்கிட்டுக் குறை வேறயா?" என்று பதில் தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அரைக்குப் பதில் ஆறு போட்டால் ஆள் என்ன ஆவார் என்று. அவரோ கோபிக்கவே இல்லை. "குறை சொல்லலைங்க. நான் லாரி மெக்கானிக், ராத்திரிதான் இதெல்லாம் கத்துக்கறேன். சரிபண்ணி அனுப்பியிருக்கேன், பாத்துட்டுச் சேத்துக்குங்க" என்றார். உன் கணவன் சோதித்துச் சேர்த்தான். மறுநாள், பார்வையில்லாத ஓர் அம்மா, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவராம், எழுதியிருந்தார்: "இப்ப 'அரை'ன்னு சரியா சொல்லுது. இன்னிக்குத்தான் முதல் தடவையா யாரையும் கேக்காம மாத்திரை போட்டுக்கிட்டேன்." அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள் உன் அத்தை. வெளிச்சம் கூசுகிறது என்று சமாளித்தேன்.

ஆகவே கவலையை விடு. உலகமே உன் வாசலில் நிற்கிறது. தாயும் சேயுமாக நலமாக வந்து சேருங்கள். அதுவரை வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் மாமா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் கணவன் வந்து, "அப்பா, அந்த ஆயிரமெல்லாம் மனுசங்களே இல்ல, சும்மா வந்து மேஞ்சுட்டுப் போற தானியங்கி நிரலுங்க. நிஜமா கூட வேலை செய்யறவங்க பதினோரு பேர்தான்" என்கிறான். பதினோரு பேர்! முகம் பார்த்ததில்லை, சம்பளம் கிடையாது, திட்டினாலும் சரிபண்ணித் தருகிறார்கள்! நம் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று காசோடு கூப்பிட்டும் ஒரு மாதமாக ஒரே ஓர் ஆள்கூட வரவில்லை அம்மா. மூடிவிடாதே.