படுத்திருந்த பெரியப்பாவின் காலில் விழுந்த கதை

கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்தவர்கள் உண்டு, அவசரப்பட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. மரியாதை காட்டிக் காரியத்தைக் கெடுத்தவன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டாலும், எங்கள் வீட்டில் யாராவது உங்களுக்குக் காப்பி கொடுத்த கையோடு சொல்லிவிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமாகி மஞ்சள் கயிறு இன்னும் மாறாத நேரம். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் பெருநகர் என்ற கிராமம். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு ஒரே அண்ணன். அவர் என் பெரியப்பா. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. அண்ணன் தம்பி இருவரும் மடைத் தண்ணீர் யார் கழனிக்கு முதலில் பாய்வது என்று ஒரு கோடையில் சண்டை போட்டார்கள். தண்ணீர் அந்த வருஷமே வற்றிவிட்டது, சண்டை வற்றவில்லை. பெரியப்பா வீம்பாகத் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், உத்திரமேரூருக்கு வெளியே மானாம்பதி சாலையில் இருந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய அவமானம் ஒரு குடும்பத்துக்கு வர முடியாது. ஊரில் கேட்டவர்களிடம், கண் ஆபரேஷனுக்குக் காஞ்சிபுரத்தில் தங்கியிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். (எத்தனை வருஷம்தான் ஒரு மனிதனுக்குக் கண் ஆபரேஷன் நடக்கும்? ஊர் நாகரிகமாகக் கேட்காமல் விட்டது.) நைனா மட்டும் வெளிப்படையாக ஒன்று சொல்லியிருந்தார்.

“அவன் செத்தா வந்து சொல்லுங்க. கொள்ளி போட வர்றேன். அதுக்கு முன்னால அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

என் கல்யாணத்துக்கும் பெரியப்பாவுக்கு அழைப்பு போகவில்லை. அம்மாவுக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் நைனா கழனிக்குப் போனதும் என்னையும் என் மனைவி சரோஜாவையும் கூப்பிட்டு, ஒரு பையில் வாழைப்பழமும் பன்னும் போட்டுக் கொடுத்தாள்.

“கோபாலு, பெரியவரு வாழ்த்தாத குடும்பம் விளங்காது. ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. பாத்த ஒடனே ஒண்ணும் பேசாத, கோவத்துல எதுனா சொல்லிடப் போறாரு. மொதல்ல பொதக்குன்னு கால்ல வுளுந்துடு. அப்புறம் அவரால ஒண்ணும் சொல்ல முடியாது.”

பேசாமல் விழு. இந்த இரண்டு வார்த்தையை நான் மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டேன். உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் சொந்த மூளையில் இன்னொன்று உதித்தது. வெறும் பன்னோடு போவதா? ஒரு செவ்வந்தி மாலை வாங்கினேன். கடைக்காரர், “எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?” என்று கேட்டார். பஸ்ஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சாயங்காலம் என்றேன்.

இல்லம் முன்பு ஏதோ கிடங்காக இருந்திருக்க வேண்டும். நீளமான ஓட்டுக் கூடம், நடுவே ஓலைத் தட்டி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பினாயில் வாசனையும் அதை மீறிய இன்னொரு வாசனையும் வந்தன. நாங்கள் நுழைந்ததும் எல்லாக் கட்டிலிலிருந்தும் தலைகள் திரும்பின. எங்கள் முகத்தைப் பார்த்து, தன் வீட்டு ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு தலையாகப் பழையபடி திரும்பிக்கொண்டது. இன்றைக்கும் அந்தக் கூடத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

பெரியப்பா கடைசிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். கழனியில் ஒற்றை ஆளாக ஏற்றம் இறைத்த உடம்பு, ஒரு குச்சியாகக் கிடந்தது. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. வாய் திறந்திருந்தது. குளிர் தாங்காமல் இரண்டு காதிலும் பஞ்சு. நல்ல தூக்கம்.

மந்திரம் ஞாபகம் வந்தது. மாலையைக் கழுத்தில் போட வழியில்லாததால் மார்மேல் வைத்தேன். கால்மாட்டில் போய் நின்றேன். சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னா பண்றீங்க? படுத்துகினு கீறவங்க கால்ல வுளக்கூடாது!”

உயிரோடு படுத்திருப்பவரை விழுந்து கும்பிடக்கூடாது, அது பிணத்துக்குச் செய்கிற மரியாதை. இது கூரத்தில் பிறந்த அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பெருநகரில் பிறந்த எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அம்மாவின் மந்திரம் மண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. புதுப்பெண், வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவளையும் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

கூடம் சட்டென்று அடங்கியது. தட்டிக்கு மேலாக ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது. கன்னியம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெள்ளைத் துணி, மாலை, பஞ்சு, கால்மாட்டில் விழுந்து கிடக்கும் சொந்தக்காரர்கள். வேறென்ன வேண்டும்? அந்த அம்மாள் மாரில் ஒரு அடி அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஏரி நெறைஞ்சிருக்க, என் ராசா, நீ தாகத்தோட பூட்டியே! மடை தொறந்திருக்க, என் மவராசா, நீ மண்ணைத் தேடிப் பூட்டியே!”

தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்தவர்கள் பெரியப்பாவுக்காக மட்டும் அழவில்லை. ஒருத்தி தன் பிள்ளை பேரைச் சொல்லி அழுதாள், இன்னொருத்தி தன்னையே சொல்லி அழுதாள். எழுந்து நின்ற எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்கம், பயம், அந்தப் பாட்டு எல்லாம் சேர்ந்து நானும் தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்த நேரம் பார்த்து, இல்லத்துக்கு விறகு போட வந்த எங்கள் ஊர் முனுசாமி வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. (பிறகு அவரைக் கேட்டபோது, “தம்பி மவனே மாலை போட்டு, வுளுந்து கும்பிட்டு, அழுதுகினு கீறான். இதுக்கு மேல நான் மூக்குல கைய வெச்சி வேற பாக்கணுமா?” என்றார். நியாயமான கேள்வி.) விறகைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பெரியப்பா மெதுவாகக் கண் திறந்தார். ஒரு காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்.

“எவன்டா பூட்டான்?”

“நீங்கதான் பெரியப்பா,” என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பதில்களில் இதைவிட முட்டாள்தனமானது கிடையாது. கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு பாட்டை நிறுத்தினாள். பெரியப்பா மார்மேல் இருந்த மாலையைத் தொட்டுப் பார்த்தார். அடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஏன் நிறுத்திட்ட? பாடு கன்னிமா. அன்னிக்கி எனக்குக் கேக்காது.”

கன்னியம்மா பாடவில்லை. சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரை மெல்லத் தூக்கி உட்கார வைத்தாள். அவர் அவள் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கல்யாணம் ஆயிடுச்சா? சொல்லவே இல்லியேடா,” என்றார். “சரி, இப்ப வுளு.”

மறுபடி விழுந்தோம். இரண்டு தலையிலும் கை வைத்து, நல்லா இருங்க என்றார். கையில் கனமே இல்லை.

மத்தியானம் சரோஜா அவருக்கு ரசச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிரெய்லர் நிறைய எங்கள் ஊர் ஆட்கள். நைனா ஓடிவந்தார். கழனியிலிருந்து நேராக வந்திருக்கிறார், முழங்கால்வரை சேறு. அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றவர், அதைத் தடுக்கி விழுந்து எழுந்து வந்தார்.

“அண்ணா! என்னை வுட்டுட்டுப் பூட்டியே அண்ணா!”

கடைசிக் கட்டிலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பெரியப்பா வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார்.

நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் அப்போதே செத்திருக்கலாம். டிராக்டரும் வீணாகப் போயிருக்காது.

“உக்காருடா,” என்றார் பெரியப்பா. நைனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச்சுவரையே பார்த்தார்கள்.

“உசுரோட கீறேன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

நைனா பொய் சொல்லத் தெரியாத மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, “தெரியலண்ணா,” என்றார். பிறகு, “வண்டி கீது. வா, வூட்டுக்குப் போலாம்,” என்றார்.

“பொணத்துக்கு வந்த வண்டில நான் ஏற மாட்டேன். அடுத்த வாரம் சும்மா வந்து பாரு. சும்மா வர்றவங்க இங்க யாருமே இல்ல.”

டிராக்டர் காலியாகத் திரும்பியது. சாலையில் டீக்கடையில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். என்னவென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நைனா வழியெல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். ஊரில் பந்தலுக்கு நட்டிருந்த மூங்கிலை அவரே பிடுங்கிப் போட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறிப் போனார். என்ன பேசுவார்கள் என்று கேட்டால், “இன்னா பேசறது? தண்ணி வந்துச்சா, நாத்து வுட்டியானு கேப்பாரு,” என்பார். எத்தனையோ முறை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். பெரியப்பா வரவில்லை. மழை பெய்து ஏரி நிறைவதற்குள் போய்விட்டார். இந்த முறை செய்தி வந்தபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. “கோபாலு வுளுந்து கும்பிட்டானா?” என்று கேட்டார்கள். நைனா மட்டும் எதுவும் கேட்காமல் கிளம்பிப் போய்க் கொள்ளி போட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று நான் பார்க்கப் போனால், வீட்டுக்காரர்கள் உள்ளே குரல் கொடுப்பார்கள்: “கோபாலு வர்றான், எழுந்து உக்காந்துக்கோங்க!” சாகக் கிடக்கிற மனிதர்கூட அடித்துப் பிடித்து எழுந்து உட்காருவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழி?

நைனாவும் கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்தார். என் வீட்டில்தான், என் அறைக்குப் பக்கத்து அறையில். நான் உள்ளே போகும்போதெல்லாம், “இருடா இரு, உக்காந்துக்கறேன். நீ பாட்டுக்கு வுளுந்து வெச்சிடப் போற,” என்று கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்துகொள்வார். முடியாத நாளில் ஒரு முழங்கையையாவது ஊன்றித் தலையைத் தூக்குவார்.

ஒரு காலையில் காப்பியோடு போனேன். நைனா எழுந்து உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, கால்மாட்டில் போய் விழுந்து கும்பிட்டேன்.