இரண்டு இல்லாத கடிகாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்த கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது. எங்கள் குடும்பத்தில் இதை ஒப்புக்கொள்ள இன்றுவரை ஆள் இல்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், தென்காசியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டை மரவேலைக்கூடமாக மாற்றினேன். (கார் கிடையாது. என் வீட்டுக்காரரின் பைக் நின்றது. அதை மழையில் தள்ளிவிட்டேன்.) ஒரு ரம்பம், ஒரு டிரில் மிஷின், போனில் பார்த்த வீடியோக்கள். இவ்வளவு போதும், தச்சராகிவிட்டேன் என்று நினைப்பு.

அப்போது இலத்தூரில் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, வீடு கட்டி முடித்தார். மதினியின் கணவரான அண்ணாச்சி ராணுவத்தில் இருந்தவர். ஊர் ஊராகக் குவாட்டர்ஸில் காலம் தள்ளியவர்களுக்கு முதல் சொந்த வீடு. பரிசாகக் கடிகாரம் செய்யப்போகிறேன் என்றேன்.

"கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்திருவமே" என்றார் வீட்டுக்காரர்.

"கடையில வாங்குனா யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

பலாப்பலகையை வட்டமாக அறுத்தேன். (வட்டம் என்று நான் சொல்கிறேன். மாமியார் இட்லி என்றார்.) பின்னால் குடைந்து பேட்டரி மிஷினைப் பொருத்தினேன். எண்களைத் தனித்தனியாக மரத்தில் அறுத்து ஒட்டினேன். நொடி முள் அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன். ஷெட் சுவரில் கொஞ்சமும் பிசகாமல் ஓடியது.

பால் காய்ச்சும் நாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்கியாக வேண்டும். குற்றாலத்தில் சீசன், விடிந்ததிலிருந்தே சாரல். கடிகாரத்தை மடியில் வைத்து, பைக்கில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். மதினி அதை அடுப்படிக்கு எதிர்ச்சுவரிலேயே மாட்டச் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எல்லாம் தயார். வடகரையிலிருந்து அண்ணாச்சியின் மூத்த அண்ணன் மட்டும் வர வேண்டும். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார்.

"ஏழு பத்துதான் ஆகுது. நேரம் கெடக்கு. அண்ணன் வந்துரட்டும்."

பட்டாளத்துக்காரர் நேரம் சொன்னால் யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? ஊர்க்கதை பேசினோம். ரொம்ப நேரம் கழித்து மாமியாரும் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்குல்லா. அவிய வரும்போது வரட்டும், பத்த வைங்க" என்றார்.

பால் பொங்கியது. குலவை போட்டோம். அப்போதுதான் வடகரைப் பெரியவர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்து, தன் கையில் மணி பார்த்தார்.

"எட்டு ஆகப் போகுது. எல்லாம் முடிஞ்சிருக்கும்னுல்லா நெனச்சேன். ராகு காலத்துலயா பால் காய்ச்சுதிய?"

குலவை பாதியில் நின்றது. எல்லோரும் சுவரைப் பார்த்தோம். ஏழு பத்து. சாரலில் ஊறிய இரண்டாம் எண் ஒரு பக்கம் பெயர்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. பெரிய முள் அதில் முட்டி நின்றது. டிக் டிக் சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை.

"மொத நாளே இப்படியா" என்று மாமியார் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பாலைக் கொட்டிருங்க."

நல்ல மருமகள் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் ஸ்டூலில் ஏறி அந்த இரண்டைப் பிடுங்கினேன். சரியான நேரம் வைத்தேன். முள் நகர்ந்தது.

"மிஷின் நிக்கல. ரெண்டுதான் மறிச்சிருக்கு" என்று எண்ணைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினேன். யாரும் கைதட்டவில்லை. "பாலை எதுக்குக் கொட்டணும்? நான் குடிக்கேன்."

ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தேன். (நாக்கு வெந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை.)

மதினி என் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இத்தன வருசம் குவாட்டர்ஸுக்கு எந்தக் காலம் பாத்துக் குடிபோனோம்? எனக்கும் ஊத்துட்டி" என்றார்.

அடுத்து அண்ணாச்சி விறைப்பாக நின்று குடித்தார். மாமியார் மட்டும் ஒன்பது மணி வரை காத்திருந்து, தனியாகப் பால் காய்ச்சிக் குடித்தார்.

அந்த வீட்டுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. கூரைகூட ஒழுகவில்லை, போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன். இரண்டை ஒட்டித்தருகிறேன் என்றால் மதினி விடுவதில்லை. கடிகாரத்துக்குப் பல் விழுந்த பொக்கையே அழகு என்கிறார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு மணி என்று ஒன்று கிடையாது. போன வாரம் மதினி வீட்டிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"சரியா பொக்கைக்கு வந்துருட்டி. சோறு ஆறிரும்."